பார்க்காமல் கட்டுகிறவர்

கண்காட்சி வட்டாரத்தில் அவருக்குப் பூச்சி மாஸ்டர் என்று பேர். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, மீன் ஏமாறுகிற மாதிரி பொய்ப் பூச்சி கட்டுவார். அதைக் கூட்டத்தின் முன்னால் செய்து காட்டுவதுதான் பிழைப்பு. முள் அரிசி அளவுகூட இருக்காது. அதனால் மனைவி கேமராவோடு பக்கத்தில் நிற்பாள்; திரையில் அவர் விரல்கள் ஆளுயரத்துக்குத் தெரியும்.

இரண்டு வருடமாக மாஸ்டர் கையைக் குனிந்து பார்ப்பதே இல்லை. திரையைப் பார்த்தபடியே கட்டுவார். ஜனம் வாயைப் பிளந்தது. பெரிய கெத்துதான் என்று மனைவியும் கிண்டலடிப்பாள். எதைப் பார்த்தாலும் நடுவில் புகைத்திட்டு விழுகிறது, திரையளவு பெரிதானால்தான் முள் தெரிகிறது என்பது அவருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியே தெரிந்தால் எந்த மடையன் மேடைக்குக் கூப்பிடுவான்? மனிதர் அந்தப் பயத்தில் வாயே திறக்கவில்லை. வீட்டில் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் குட்டி வைஸ்மேல் துணியைப் போர்த்திவிட்டு, வீட்டிலுமா வேலை என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

அன்று கடைசி முடிச்சுப் போடும்போது திரை இருண்டது. அரங்கத்து ஆள் ஒயர்களை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அதனால என்ன மாஸ்டர், நீங்கதான் பாக்காமலே கட்டுவீங்களே," என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

மாஸ்டர் குனிந்தார். முள் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. நூலைத் தடவித் தடவிச் சுற்றினார். சுருக்கென்றது. மனைவி ஓடிவந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"விரல்ல ரத்தம் வருதுங்க."

"எங்க?" என்றார் அவர்.

ரத்தம் பூச்சியின் வெள்ளை இறகெல்லாம் பரவியிருந்தது. அவள் அவர் கண்களையே பார்த்தாள். பிறகு, மாஸ்டருக்குக் கையில் காயம், இன்றைக்கு இவ்வளவுதான் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டாள்.

வெளியே கார் அருகில் வந்ததும்தான் அவள் கேட்டாள்.

"பேத்திய தினமும் இந்தக் கண்ணோடதான் கார்ல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

அவர் சாவியை நீட்டினார். அவளுக்கு ஓட்டத் தெரியாது. காரை அங்கேயே விட்டுவிட்டு நிறுத்தத்துக்கு நடந்தார்கள். ஏதோ ஒரு பஸ் வந்து நின்றது.

"இது நம்ம பஸ்ஸா?" என்று, இரண்டு வருடத்தில் முதல்முறையாக, வாய்விட்டுக் கேட்டார்.

அவள் அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றினாள்.