பதினாறு தாள்களில் ஒரு நடை

கொழும்பில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க ஒரு முழு ரயில் பயணம் தேவைப்பட்டது. கார்ட்டூன் படம் தயாரிக்கும் ஒரு ஸ்டூடியோவில் நான் இடைப்படம் வரைபவள். ஒரு பாத்திரம் கையைத் தூக்க வேண்டுமென்றால், கை கீழே இருக்கும் படத்தையும் மேலே போய்விட்ட படத்தையும் தலைமை ஓவியர் வரைவார். இரண்டுக்கும் நடுவில் வரவேண்டிய ஏழெட்டுப் படங்கள் என்னுடையவை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது ரயில் மாத்தளைக்கு வந்துவிட்டது.

"நடுவுல உள்ளத வரையவா உன்னைய கொழும்புல வச்சிருக்காங்க?" என்றார் அம்மா.

"நடுவுல உள்ளது இல்லாட்டி கை தூக்காதும்மா. டக்குனு மேல போயிரும்."

அம்மா இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கை கூடைக்குப் போய் வருவதற்குள் எத்தனை நடக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பதினொரு வருடம் அந்த வேலையில் இருந்தேன். கண்ணாடிப் பலகைக்கு அடியில் பல்ப் எரியும் வெளிச்ச மேசை ஒவ்வொருவருக்கும் இருந்தது. தாள்மேல் தாள் வைத்தால் கீழே உள்ள கோடு மேலே தெரியும். இடது கை விரல்களுக்கிடையில் நான்கைந்து தாள்களைச் செருகி, மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தால் படம் அசையும். கோடு சரியில்லையென்றால் கண்ணுக்கு முன்னால் விரல்களுக்குத் தெரிந்துவிடும். பற்பசை விளம்பரம், டெங்கு நுளம்பு, வெளிநாட்டுத் தொடர்களுக்கான முயல்களும் கரடிகளும் என்று என்னென்னவோ வரைந்தோம். முழுப்படம் எப்படி வந்தது என்று பல சமயம் பார்த்ததுகூட இல்லை.

பிறகு கணினி வந்தது. முதலில் வர்ணம் தீட்டுகிறவர்களை வேலையிலிருந்து அனுப்பினார்கள். நாங்கள் கணினிப் பலகையில் வரையப் பழகிக்கொண்டோம். அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆனால் இரண்டு படத்தைக் கொடுத்தால் நடுவில் உள்ளதை மென்பொருளே போட்டுக்கொள்ளும் நாள் வந்ததும், நடுவில் இருந்த எங்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தேநீரும் கேக்கும் தந்தார்கள். வெளிச்ச மேசைகள் படிக்கட்டின் கீழ் அடுக்கிக் கிடந்தன. ஒன்றைக் கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மாத்தளையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணக் கார்டு, பூப்புனித நீராட்டு விழாப் பதாகை, இரங்கல் பதாகை. செத்துப்போனவர்களின் சிறிய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவரின் கோட்டு சூட்டை ஒட்டுவது என் கைக்குப் பழகிப்போனது. வெளிச்ச மேசை வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் நின்றது.

அங்கேதான், எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும் அந்தப் பெண் வந்தார். காட்டு யானைகளால் பாதிக்கப்படும் விவசாயிகளுக்காக வேலை செய்யும் சிறு அமைப்பு ஒன்றின் உத்தியோகத்தர். மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் பெண். லக்கலப் பக்கத்துக் கிராமங்களில் ஒட்டுவதற்கு நோட்டீஸ் அச்சடிக்க வந்திருந்தார். முகம் வாடியிருந்தது. ஏன் என்று கேட்டதற்குத் தன் போனை நீட்டினார்.

யானை வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று கணினியில் செய்த படம். எங்கோ வாங்கிய யானை. காது சுளகு மாதிரி விரிந்திருந்தது. சர்க்கஸில் நிற்பதுபோல் முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. மினுமினுவென்று, இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

"போன கிழம கொண்டுபோய்க் காட்டின. சனம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. 'இது எங்கட ஊர் ஆன இல்ல மிஸ்'னு சொல்லிட்டு எழும்பிப் போய்ட்டாங்க. வருஷா வருஷம் ஆள் சாகுற ஊர்ல நான் சிரிப்புக் காட்டிட்டு வந்திருக்கேன்."

என்ன நினைத்தேனோ தெரியவில்லை. "நான் வரைஞ்சு தரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"கம்ப்யூட்டர்லயா?"

"கையால. பென்சில்ல."

"எத்தன நாள் எடுக்கும்?"

"மூணு நிமிஷப் படம்னா நாலஞ்சு மாசம் ஆகும்."

மிஸ் சிரித்தார். பிறகு போனை வாங்கிப் பைக்குள் வைத்தார். "அடுத்த போகத்துக்குள்ள தருவீங்களா?" என்றார்.

முதல் தடவை லக்கலவுக்குப் போனபோது என்னை ஒரு விவசாயியின் வயலில் விட்டுவிட்டு மிஸ் கூட்டத்துக்குப் போய்விட்டார். அந்த விவசாயிக்கு என் வயதுதான் இருக்கும். வயலோரத்து மரத்தில் பரண் கட்டி யானைக்குக் காவல் இருப்பவர். எங்கள் பேச்சு முழுவதும் சிங்களத்தில்தான் நடந்தது. ஆனால் எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது. வரம்பில் நடந்து காட்டச் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்தி, கைகளை வீசி, பொலிஸ் அணிவகுப்பு மாதிரி நடந்தார்.

"இப்படியா தினமும் நடப்பீங்க?"

"படத்துக்குன்னா ஒழுங்கா நடக்கணும்தானே?"

"நான் இல்லன்னு நெனைச்சுக்கிட்டு உங்க வேலையப் பாருங்க."

அரை மணி நேரத்தில் என்னை மறந்துவிட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டு, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை ஒரு பக்கம் தூக்கிச் செருகி நடந்தார். வலது காலை வைக்கும்போது தோள் சற்றே இறங்கியது. அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். கொண்டுபோன கொப்பியில் ஐம்பது அறுபது கிறுக்கல்கள் சேர்ந்தன. மத்தியானம், நான் முன்பே வரைந்து கொண்டுபோயிருந்த யானையைக் காட்டினேன். தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறிக்கொண்டு ஓடிவரும் யானை.

"இது பயங்காட்டுற ஆனை," என்றார் அவர். "கொல்ல வர்றது சத்தம் போடாது. தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கும். காதை ஒட்ட வச்சுக்கும்." சொல்லிவிட்டுத் தன் கையை நெஞ்சோடு சுருட்டி, தலையைத் தாழ்த்தி, என்னை நோக்கி நான்கு எட்டு வந்தார். மட்ட மத்தியானத்தில் நான் வரம்பை விட்டு வயலுக்குள் இறங்கிவிட்டேன். ஊருக்கு வந்ததும் யானையை முதலிலிருந்து வரைந்தேன்.

அச்சகத்தின் பின்னறையை முதலாளி எனக்குக் கொடுத்தார். விடிந்ததும் போய், கடை திறக்கும்வரை வரைவேன். மேசையின் பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. பட்டி ஒட்டினேன். முதல் இரண்டு வாரம் கை வரவேயில்லை. யானை மிதந்தது. மனிதன் குடித்தவன்போல் நடந்தான். தாள்களைப் புரட்டினால் விரல்களிலிருந்து நழுவி விழுந்தன. கொழும்பில் என் பக்கத்து மேசையில் இருந்து, எங்கள் பென்சில் படங்களின் மேல் புதுத் தாள் வைத்துச் சுத்தமான கோடு போட்டவரைப் போனில் கூப்பிட்டேன். அவர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார்.

"கை விட்டுப் போச்சு தங்கச்சி. பென்சில் புடிச்சே வருஷமாச்சு," என்றார்.

"எனக்கும்தான் விட்டுப் போச்சு. அனுப்புறேன், பாருங்கண்ணே."

தாள்களைக் கட்டாகக் கட்டி கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். அண்ணன் புறக்கோட்டையில் வாங்கிக்கொள்வார். ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரத்தில், மடியில் பலகையை வைத்துக் கோடு போட்டார். முதல் கட்டு போனதும் கூப்பிட்டார்.

"இந்த ஆளு ஏன் ஒரு பக்கமா இழுத்து நடக்கிறாரு? நேராக்கிரட்டா?"

"வேணாம்ணே. அவரு அப்படித்தான்."

ஆறு வாரம் கழித்து மறுபடியும் லக்கலவுக்குப் போனேன். அந்தத் தடவை அவருடைய நடை மாறியிருந்தது. வலது காலைத் தூக்குவதற்கு முன் ஒரு சிறு தயக்கம். கால் தரையில் வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கியது. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வரைந்து வைத்ததோடு இது ஒட்டாதே. பிறகு பார்க்கப் பார்க்க, இதுதான் நல்லது என்று பட்டது. நாள் முழுக்க வயலில் நின்ற மனிதனின் பாரம் அந்தத் தயக்கத்தில் இருந்தது. ஊருக்குத் திரும்பி, பழைய நடையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பதினாறு தாள்களில் வரைந்தேன். கணுக்கால் தடித்திருந்ததைக்கூட அப்படியே கொண்டுவந்தேன். அந்தத் தாள்களைப் புரட்டியபோது மனிதர் மேசைமேல் நடந்தார். பல வருடத்துக்குப் பிறகு அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படம் முடிந்து, காட்டப் போகும் நாளில் பஸ்ஸில் மிஸ்ஸிடம் சொன்னேன்: "அவரு தன்னையே பாக்கப் போறாரு மிஸ். என்ன சொல்வாரோ தெரியல."

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? அவர் தவறிட்டாரே. ரெண்டு மாசம் இருக்கும். கிட்னி நோய். அந்தப் பக்கத்துல நெறைய பேருக்கு இருக்கிற வருத்தம்தான். மாத்தள ஆஸ்பத்திரியிலதான் வச்சிருந்தாங்க."

அந்த ஆஸ்பத்திரி அச்சகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அவர் அங்கே படுத்திருந்த நாட்களில் நான் பின்னறையில் அவருடைய காலை வரைந்துகொண்டிருந்தேன். வீங்கிய காலை. ஒவ்வொரு தாளிலும் அது வீங்கியிருப்பதைப் பார்த்தேன், அளந்தேன், கோட்டில் பிடித்தேன். ஏன் வீங்கியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படத்தைக் காட்ட வேண்டாம் என்றேன். மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரோட பொஞ்சாதிகிட்ட கேப்போம். அவங்க வேணாம்னு சொன்னா நிப்பாட்டுவோம்."

வீட்டு வாசலில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார் அந்தப் பெண். விஷயத்தைச் சொன்னோம். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து, "எங்கே காட்டுறீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்களோடேயே நடந்து வந்தார்.

பொது மண்டபத்தின் ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டியிருந்தார்கள். வெள்ளைத் துணியில் படம் ஓடியது. யானை வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் யாரோ, "கொல்ல வருது," என்றார். காலடிச் சத்தம் இல்லாமல் அது வயல் வேலியைத் தாண்டி வந்ததும் முன்வரிசைப் பெண் ஒருவர் தன்னை அறியாமல் பின்னால் நகர்ந்தார். பிறகு திரையில், வரம்பில் அந்த விவசாயி நடந்து வந்தார். முகத்தை நான் வேறு மாதிரி வரைந்திருந்தேன். யாரையும் குறிப்பிடக்கூடாது என்று. அதனால் ஒன்றும் மறையவில்லை. நாலைந்து எட்டிலேயே மண்டபம் முழுவதும் அவர் பெயர் மெல்லப் பரவியது.

முடிந்ததும் அவருடைய மனைவி எழுந்தார். "அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க."

போட்டோம். மறுபடி கேட்டார். நான்காவது தடவை சிரித்தார். "சாரம் எப்பவும் ஒரு பக்கம் இறங்கித்தான் கிடக்கும். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்."

வெளியே, மரநிழலில், நான் அந்தப் பெண்ணிடம் அவர் கணவரின் கால் வீங்கியிருந்ததைப் பற்றிச் சொன்னேன். பார்த்தும் கேட்காமல் விட்டதைச் சொன்னேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்று சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன.

"நாங்களும்தான் பார்த்தோம்," என்றார். "வயல் வேலை, அதுதான் வீங்குதுன்னு நெனைச்சோம். அவரும் அப்படித்தான் சொன்னார்." பிறகு போனை எடுத்துக் காட்டினார். மகள் கல்யாணத்தில் அவர் சட்டை போட்டு விறைப்பாக நிற்கும் படங்கள். "நிக்கிற படம் எல்லாம் இருக்கு. நடக்கிறதை யார் எடுப்பாங்க? தினமும்தானே நடக்கிறார்."

அவர் நடப்பதை வரைந்த தாள்களைத் தர முடியுமா என்று கேட்டார். அண்ணன் சுத்தம் செய்த பிரதிகள் படத்துக்குப் போதும். என் பென்சில் தாள்கள் பதினாறும் வீட்டில் இருந்தன. அடுத்த வாரம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படிப் புரட்டுவது என்று காட்டினேன். அவருக்கு விரல் வரவில்லை. மகள் வாங்கி, ஒரு ஓரத்தை ஊசி நூலால் தைத்துக் கொப்பிபோல் ஆக்கினாள். அவளுடைய அம்மா தாள்களைப் பெருவிரலால் விட்டுப் பார்த்தார். கணவர் தாளில் நடந்தார். மறுபடி விட்டார். நான் தேநீர் குடித்து முடிக்கும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காதபடி என் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அந்தப் படம் இன்னும் சில கிராமங்களுக்குப் போனது. அதனால் யாராவது உயிர் தப்பினார்களா என்பது எனக்குத் தெரியாது. மிஸ்ஸுக்கும் தெரியாது. சிரிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

கையால் வரையும் கார்ட்டூன் திரும்ப வருகிறதா என்று அண்ணன் போனில் கேட்பார். வெளிநாடுகளில் சிலர் மறுபடி தாளுக்கு வந்திருக்கிறார்களாம், எங்கோ வாசித்திருக்கிறார். எனக்குத் திடமாகச் சொல்லத் தெரியவில்லை. நான் நான்கு மாதத்தில் வரைவதை இப்போது கணினி ஒரு தேநீர் ஆறுவதற்குள் செய்துவிடும். இந்த ஊர் யானையையும் செய்யப் பழகிவிடும். கையால் வரைந்தால் உண்மை வந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். என் கையில் உண்மை வந்தது, எனக்குத்தான் அது தெரியவில்லை. ஆனால் ஒன்று: ஒரு மனிதனை, தாளிலாவது, நான்கு மாதம் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு வேறெந்த வேலை இடம் கொடுத்திருக்கும் என்று தெரியவில்லை. இப்போது வரைவதற்கு முன் கேட்கிறேன். சாப்பிட்டீங்களா, கால் ஏன் அப்படி இருக்கு, மருந்து எடுத்தீங்களா என்று. சிலர் எரிச்சல்படுகிறார்கள்.

இந்த வருடம் மிஸ் இன்னொரு வேலை கொண்டுவந்தார். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளுக்கு மண்சரிவு எச்சரிக்கைப் படம். அண்ணன் வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கோடு போடுகிறார். மூன்று வாரமாக நான் மண் சரிவதை வரைவதிலேயே நிற்கிறேன். ஈரமண் இறங்குவது தண்ணீர் ஓடுவதுபோலவும் இல்லை, கல் உருளுவதுபோலவும் இல்லை. எந்தத் தாளில் அது நகரத் தொடங்குகிறது என்பதுதான் பிடிபடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய், போன மழையில் வீடு இழந்த ஓர் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். பேச வருவதாகத்தான் சொல்லியிருக்கிறேன். கொப்பியை எடுப்பதா என்பதை அங்கே போன பிறகு முடிவு செய்வேன்.