பட்டுச்சேலையோடு குளித்த இளவரசி

தென்காசித் தியேட்டரில் அந்த இளவரசியைப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. பிடிக்காத கல்யாணத்துக்குச் சம்மதிக்கும்வரை கோபுரத்தில் இரு என்று அவளை அடைத்துவைத்திருந்தார்கள். அவளோ ஜன்னல் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அருவிக்குள் குதித்தாள். தலையை உதறிக்கொண்டு எழுந்து, முடியாது என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் ஸீட் மேல் ஏறிக் கத்தினேன். பக்கத்திலிருந்த சித்தி விசிலே அடித்துவிட்டாள். முன்வரிசை அண்ணாச்சி திரும்பி முறைத்தார், அப்போதும் அவள் நிறுத்தவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்குள் மாமா மதுரையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அமைந்தால் ஆவணியில் கல்யாணம், படிப்புக்கு முழுக்கு.

சாரல் தொடங்கிவிட்டால் எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சிக்காரர்களான எங்களை நினைத்துக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டாரும் குற்றாலத்திலேயே பெண் பார்க்கலாம் என்றார்கள். பெண்ணைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, குளித்த மாதிரியும் ஆயிற்று.

எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். சித்தி மட்டும் அரக்குப் பட்டும் பிச்சிப்பூவுமாக வேனுக்குள் காத்திருக்க வேண்டும். சாரல் ஒரு துளி படக்கூடாதென்று அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனாள். என்னைவிடப் பொருத்தமான காவலாளி அவளுக்குக் கிடைத்திருக்க மாட்டாள்!

எனக்குப் பொறுக்கவில்லை. “சித்தி, இளவரசின்னா இப்படியா உக்காந்திருப்பா?” என்றேன்.

சித்தி என்னையே பார்த்தாள். “வாட்டீ,” என்று கையைப் பிடித்து இறங்கினாள்.

பெண்கள் பகுதியில் கூட்டத்துக்குள் புகுந்து அருவிக்கு நேர் கீழே போய் நின்றோம். அடேயப்பா, அன்றைக்கு என்ன தண்ணீர்! முதுகில் தடதடவென்று அறைந்தது. நான் ‘ஹோ’ என்று கத்த, சித்தி என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். பிச்சிப்பூ பிய்ந்து எங்கேயோ போயிற்று.

சொட்டச் சொட்டத் திரும்பினால், வேனருகில் எல்லாரும் நிற்கிறார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏட்டி, கிறுக்கு பிடிச்சிட்டா?” என்று மாமா சீறினார். மாப்பிள்ளையின் அம்மா தலையில் சுற்றிய துண்டோடு வாயைப் பிளந்து நின்றார்.

சித்தி அந்த அம்மாளிடமே சொன்னாள். “மன்னிச்சுக்கிடுங்க. எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம். நான் படிக்கப் போறேன்.”

அச்சு அசல் இளவரசி! நான் துள்ளித் துள்ளிக் கைதட்டினேன். கூடச் சேர்ந்து யாருமே தட்டவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நேந்திரம் சிப்ஸ் பொட்டலங்களோடு ஊருக்குக் கிளம்பினார்கள். சித்தி கோயம்புத்தூருக்குப் போனது உண்மை. பஸ் ஏற்றிவிட மாமா வரவில்லை என்பதும் உண்மை. பல வருஷம் அவர் அவளோடு பேசவில்லை.

அன்று வேனில் வீடு திரும்பும்போது சித்தி என்னை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. குளிர் என்று நினைத்து என் துண்டைப் போர்த்திவிட்டேன். இலஞ்சி வரும்வரை அந்த நடுக்கம் நிற்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அருவியிலிருந்து எழுந்தபோது படத்து இளவரசி கொஞ்சம்கூட நடுங்கவில்லையே. சித்தியைவிட அவள்தான் பலசாலி என்று முடிவுகட்டிக்கொண்டேன்.