கூக்கால் மேகத்தில் நான்கு நிமிடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது எனக்கு நடந்தது. போன நவம்பர் பதினெட்டு, மாலை 5.10.

நான் சிறு விமானம் ஓட்டுபவன். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி எனக்கு அன்றோடு முடிகிறது. ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டிய பயிற்சிகளில் ஒன்று பாக்கி. அதை முடிக்காவிட்டால் வேலை இல்லை. மலைமேல் மேகம் இறங்குவது தெரிந்தும் கிளம்பினேன். அந்தப் புத்திக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

பயிற்சியில் வெளியே தெரியாதபடி மறைக்கும் தொப்பி போட வேண்டும். எனக்காக வெளியே பார்க்க வலது சீட்டில் ஒரு துணை விமானி கட்டாயம். அன்று தேவசேனா வந்தாள், நாயுடுபுரத்துப் பெண். கைமாற்றும்போது ஒருவர் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்பார். மற்றவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று பதில் சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம்.

5.26. கூக்கால் என்ற மலைக் கிராமத்துக்கு மேலே விமானம் பலமாகக் குலுங்கியது. எனக்குத் தலை சுற்றியது.

"யூ ஹேவ் கண்ட்ரோல்" என்றேன்.

ஹெட்செட்டில் கர்ர்... என்று இரைச்சல். பிறகு ஒரு குரல்.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்."

கையை எடுத்தேன். குரல் கட்டியிருந்தது. குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

5.28. ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியது. உயரம் 7,100 அடி... 7,300...

"மலை கிட்டத்துல கெடக்கு. தொப்பியக் கழட்டாதீங்க."

தேவசேனா இப்படிப் பேச மாட்டாள். அவள் பேச்சில் பாதி இங்கிலீஷ்.

என் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். பின்சீட் காலி...

வேலை போனால் போகட்டும். முருகா, உயிரோடு இறக்கிவிடு.

5.30. தொப்பியைப் பிடுங்கினேன்.

எங்கும் வெள்ளை. தேவசேனா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். என்ஜின் சத்தத்தை மீறிக் கத்தினாள்.

"சூப்பரா க்ளைம்ப் பண்றீங்க சார்... கைய விட்டுராதீங்க, ப்ளீஸ்."

அவள் கைகள் மடியில்.

என் கைகளும்.

ஸ்டியரிங் திரும்பிக்கொண்டிருந்தது...

பாய்ந்து பிடித்தேன். மேகம் விலகியபோது மலைமுகடு எங்களுக்குப் பின்னால் இருந்தது.

மதுரையில் இறங்கியதும் மெக்கானிக் பழனிக்குமார் பார்த்துச் சொன்னார். தேவசேனாவின் ஹெட்செட் ஒயர் கழன்று சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். நான் சொன்னது அவளுக்குக் கேட்கவே இல்லை.

பயிற்சிப் புத்தகத்தில் துணை விமானியின் பெயரை எழுதினால்தான் கணக்கில் வரும். ஓட்டியது தேவசேனா இல்லை. யார் பெயரை எழுதுவது? கட்டம் காலியாகவே இருந்தது. வேலை போனது.

ஜனவரியில் பழனிக்குமார் ஒரு பழைய விசாரணை அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினான்கு வருடத்துக்கு முன், அதே முகட்டில் மோதிய பயிற்சி விமானம். இருவர் பலி. பதில் வரும் முன்பே தொப்பி போட்டவர் கையை எடுத்துவிட்டார். அவர்தான் ஓட்டுகிறார் என்று நினைத்துத் துணை விமானி சும்மா இருந்துவிட்டார்.

விமானத்தின் குரல் பதிவில் இருந்த கடைசிக் குரல், "யூ ஹேவ் கண்ட்ரோல்." நேரம், மாலை 5.26.

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தது.