கருப்பராயன் காலடியில் இரண்டு பொட்டலங்கள்

சாமி எப்படி உண்டானது என்பதற்கு எட்டு வயதிலேயே எனக்கு மூன்று விளக்கங்கள் தெரியும். மூன்றும் சித்தப்பா சொன்னவை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த அவர் சொல்வதைக் கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லை. பல்லடத்தில் எங்கள் தறிக்கூடத்துச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி எனக்குப் பாடம் நடத்துவார். இடிக்குப் பயந்த ஆதிமனிதன் சாமியை உண்டாக்கினான் என்பது முதலாவது. செத்துப்போன பாட்டன் கனவில் வந்ததால் அவனையே கும்பிட்டார்கள் என்பது அடுத்தது. ஊர் ஒன்றாக இருக்கப் பொதுவாக ஒருத்தர் தேவைப்பட்டார் என்பது கடைசி. எங்கள் குலதெய்வமான கருப்பராயன் இதில் எந்த வகை என்று கேட்டேன். மூன்றும் கலந்தவர் என்றார். மிக்சர் மாதிரி போல என்று நினைத்துக்கொண்டேன்.

"இனி ஒலகமே ஒரே சந்தை ஆகப்போகுது கண்ணு. அப்பக் கருப்பராயன் கடையச் சாத்திப்போட்டுப் போகவேண்டியதுதான்" என்பார்.

அந்தச் சந்தை சித்தப்பாவையே கூப்பிட்டது. அமெரிக்காவில் வேலை. கோயமுத்தூரைத் தாண்டாத குடும்பத்தில் இப்படியொரு அதிசயம். அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சக்கரம் வைத்த சூட்கேஸும் வாங்கிவந்தார். நான்தான் அதை வாசலில் இழுத்துக்கொண்டு திரிந்தேன். சித்தப்பா அதைத் தொட்டதாகவே ஞாபகம் இல்லை.

பாக்கி இருந்தது கருப்பராயனிடம் பூக் கேட்பது மட்டும்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் இது இல்லாமல் நடக்காது. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று அதில் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. அந்த விவரம் தெரியாத குழந்தை நான். மூன்று விளக்கம் தெரிந்தவளுக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

பூசாரி மணியடித்தார். எடுக்கப்போவது நானா, என் கைக்குள் புகுந்த சாமியா, சாமியே இல்லையென்றால் அப்புறம் யார் என்று குழம்பிப்போய் நின்றேன். "எடு அம்மணி" என்றார் அப்பா. கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் தலையைச் சுற்ற வைத்தது. வருஷம் தவறாமல் கிடாய் வெட்டும் அப்பா, "கருப்பராயனுக்குத் தறி தெரியும், தோட்டந் தெரியும். அமெரிக்காவப் பத்தி அவருக்கென்னடா தெரியும்? நீ பொறப்படு தம்பி" என்றார்.

சாமியே இல்லை என்ற சித்தப்பா தலையை ஆட்டினார். "வேண்டாமுங்ணா. உத்தரவு இல்லீங்களே. மீறிப் போகக்கூடாதுங்க."

இன்னொரு தடவை பூப் போடச் சொன்னார் அப்பா. பூசாரியும் தயாராகத்தான் இருந்தார். சித்தப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கருப்பராயனுக்காக அவர் வாதாடியதைப் போல அந்தப் பூசாரிகூட வாதாடியிருக்க மாட்டார். அப்பா விருட்டென்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னால்தான் எல்லாம் கெட்டது என்று சித்தப்பாவின் ஸ்கூட்டரில் அழுதுகொண்டே வந்தேன். வழியில் நிறுத்திக் கோலிசோடா வாங்கிக் கொடுத்தார்.  அவர் முகம், பரீட்சை தள்ளிப்போன பையன் முகமாக இருந்தது.

"ஏனுங் சித்தப்பா, அப்பச் சாமி நெசமாலுமே இருக்காருங்களா?"

காலிப் பாட்டிலைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். "இன்னைக்கு இருந்தாரு கண்ணு" என்றார்.

இது நான்காவது விளக்கமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. பயந்த மனிதன்தான் சாமியை உண்டாக்கினான் என்று அவர் சொன்னபோதெல்லாம் எனக்கு இடி மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது. சக்கரம் வைத்த சூட்கேஸைப் பார்த்தும் ஒருத்தர் பயப்படுவார் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?