இடது காலுக்கு நானே போட்ட கையெழுத்து

இன்று காலை நடந்தவை:

1. ஒரகடம் ரவுண்டானாவில் கம்பெனி பஸ் ஏறினேன். வழக்கமான ஜன்னல் சீட்.

2. முன் சீட்டுப் பெண், புதிதாகச் சேர்ந்தவள் போல, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு வலி ஸ்ப்ரேயைக் குலுக்கிக் கெண்டைக்காலில் அடித்தாள்.

3. பஸ் முழுக்க வாசனை. பின்னால் இரண்டு பேர் தும்மினார்கள்.

4. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "யாரும்மா அது, பஸ்ஸுக்கே சுளுக்கு எடுக்கறது?" என்றார்.

5. என் கேட் வந்தது. நான் இறங்கவில்லை. அடுத்த கேட்டில் இறங்கித் திரும்பி நடந்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதன்முறையாக நான்கு நிமிடம் தாமதம்.

ஐந்தாவதற்குக் காரணம் இரண்டாவது. அந்த ஸ்ப்ரேயின் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதினா மிட்டாயைப் பெட்ரோலில் ஊறவைத்தது போல இருக்கும். ஒரு காலத்தில் என் ஹாஸ்டல் அறையில் தலையணை உறைவரை அந்த வாசனைதான். அறைத்தோழி முப்பிடாதி சங்கரன்கோவில்காரி. பக்கத்து ஆலையில் ஒயரிங் பிரிவு. விடிவதற்கு முன் என் அலாரம் அடித்தால் போர்வைக்குள்ளிருந்தே ஆரம்பிப்பாள்.

"ஏட்டி, இது ரூமா, கட்டுப்போடுத ஆஸ்பத்திரியா? நீ ஓடுததுக்கு நான் எதுக்குட்டி முழிக்கணும்?"

மெடலைக் காட்டினால் நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டு, "தகரந்தான?" என்பாள். தகரம் இல்லை, துத்தநாகக் கலவை என்று நான் விளக்குவேன். அவள் அதற்குள் தூங்கியிருப்பாள்.

நான் ஓட ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கார் கதவுக்கான கீல் செய்யும் ஆலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். பாதுகாப்பு வாரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். பெண்கள் என்ற கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. பெயரை எழுதிவிட்டேன்.

ஓட்டம் காம்பவுண்டுக்குள்ளேயே. காம்பவுண்டுக்குள் எது நடந்தாலும் பாதுகாப்பு ஷூ கட்டாயம் என்பது விதி. பாதுகாப்பு வாரத்திலேயே விதியை மீற முடியுமா? ஆகவே நாற்பது பேரும் முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்த ஷூவோடு ஏழு சுற்று ஓடினோம். தூரத்திலிருந்து கேட்டவர்கள் ஏதோ கன்வேயர் பெல்ட் பழுது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இரண்டு கால் நகங்கள் கறுத்து, பிறகு விழுந்தன. பெண்களில் இரண்டாவதாக வந்தேன். முதலில் வந்தவள் எஸ்தர்.

எஸ்தர் ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். கான்ட்ராக்ட் வேலை. வீடு பென்னலூர்ப் பக்கம். என்னைவிட ஒரு வயது குறைவு. முடிவுக்கோட்டில் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"இன்னா மேடம், குவாலிட்டின்னா ஒக்காந்துக்கினே இருப்பீங்கன்னு நெனச்சேன். ஓடக்கூட செய்றீங்க?"

அடுத்த வாரமே நாங்கள் சேர்ந்து ஓடினோம். ஆலைக்குள் நான் அவளுக்கு மேடம். சாலைக்கு வந்துவிட்டால் 'இன்னாடீ'. கேட்டைத் தாண்டிய நொடியில் மாறிவிடும். இதில் அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அவர்கள் குடும்பத்து நிலம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. அவள் அண்ணனுக்கு அங்கேயே வேலை. இதைச் சொன்னபோது நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. "இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போடற? சேத்துல நின்னதுக்கு இது எவ்ளோ தேவலாம். உள்ள ஏசி கீது" என்றாள். நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

ஓடுவதற்கு எங்களுக்கென்று ஒரு சாலை இருந்தது. புதிய ஆலைகளுக்காக மனை பிரித்து, தார் போட்டு, விளக்குக் கம்பமும் நட்டு, யாரும் வராமல் கிடந்த சாலை. ஒரு முனையில் தடுப்பு, மறுமுனையில் ஏரிக்கரை. நான் அதைச் சும்மா விடவில்லை. தூரம் அளக்கும் சக்கரத்தை மெயின்டனன்ஸில் கேட்டு வாங்கி, மூன்று முறை உருட்டிச் சராசரி எடுத்தேன். இரண்டு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர். ஆலைத் தரையில் கோடு போட்டு மீந்த மஞ்சள் பெயின்டில் நூறு மீட்டருக்கு ஒரு குறி வைத்தோம். குளிர் மாதங்களில் மாடுகள் தார் சூட்டுக்காகக் குறிகளின் மேலேயே படுத்திருக்கும். பதினேழாவது குறியை மாடு இல்லாமல் நான் அதிகம் பார்த்ததில்லை.

கிருத்திகை நாட்களில் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்கு நடப்பவர்கள் குறுக்கு வழியாக அந்தப் பக்கம் வருவார்கள். ஒரு அம்மா எங்களை நிறுத்தி, "இன்னா வேண்டுதல்மா, இப்டி ஓடுறீங்க?" என்று கேட்டார்.

"வேண்டுதல்லாம் இல்லம்மா. சொம்மா" என்றாள் எஸ்தர்.

"சொம்மாவா?" அந்த அம்மா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "வூட்ல தெரியுமா?"

இரண்டு அரை மராத்தான்கள் ஓடினோம். இரண்டையும் முடித்தோம். மூன்றாவதாக முழு மராத்தானுக்குப் பெயர் கொடுத்தோம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், சில்லறை மீட்டர். பயிற்சியின் ஏழாவது வாரத்தில் என் இடது முன்காலில், எலும்பின் உள்பக்கம், விரலால் தொட்டால் ஒரு ரூபாய் அகலத்துக்கு வலித்தது.

இங்கே எங்கள் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் உள்ள அளவைவிட ஒரு பாகம் மயிரிழை கூடக்குறைய வந்துவிட்டால் அதை ஒதுக்கவேண்டும். ஒதுக்கினால் லைன் நிற்கும். அப்போது ஒரு படிவம் உண்டு. டீவியேஷன் என்போம். 'இந்தக் குறையோடு, இத்தனை எண்ணிக்கைவரை, போகலாம்' என்று எழுதித் தரப்பிரிவில் ஒருவர் கையெழுத்திட்டால் பாகம் போகும். அதில் கட்டாயமான விதி ஒன்றுதான். கேட்பவர் ஒருவர், ஒப்புபவர் இன்னொருவர்.

நான் என் காலுக்கு டீவியேஷன் போட்டேன். விளையாட்டாக இல்லை. நோட்டில் கோடு கிழித்து எழுதினேன். பாகம்: இடது கால். குறை: முன்னெலும்பில் வலி, பத்துக்கு மூன்று. அனுமதி: பதினெட்டு கிலோமீட்டர்வரை. கீழே என் கையெழுத்து. அடுத்த வாரம் வலி பத்துக்கு நான்கு, அனுமதி இருபத்திரண்டு. இப்படிப் பதினோரு படிவங்கள். எழுதி முடித்ததும் வலி குறைந்தது போல இருக்கும். படிவம் சரியாக இருந்தால் பாகமும் சரியாகிவிடும் என்று நம்புகிற நோய் எங்கள் பிரிவில் பலருக்கு உண்டு.

பந்தயம் சென்னையில், கடலோரச் சாலையில். முப்பத்துமூன்றாவது கிலோமீட்டரில் கால் தரையில் பட்டபோது உள்ளே ஏதோ இடம் மாறியது. சத்தமெல்லாம் இல்லை. அடுத்த அடி வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். பின்னால் வந்த வேனில் ஏற்றினார்கள். எஸ்தரும் நின்றுவிட்டு என்னோடு ஏறினாள்.

படப்பையில் எலும்பு டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மயிரிழை விரிசல். "இது தானா சேரும். ரெண்டு மாசம் காலை ஊணக்கூடாது. அதே எடத்துல இன்னொரு தடவை உடைஞ்சா உள்ள கம்பி வைக்கணும். அப்புறம் ஓட்டத்தை மறந்துடணும்." கடைசி வாக்கியத்தை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை. ஆனால் அதுதான் நினைவில் இருந்தது.

எஸ்தர் ஆட்டுக்கால் சூப்போடு ஹாஸ்டலுக்கு வந்தாள். முப்பிடாதி அதில் பாதியைத் தனக்கென்று ஊற்றிக்கொண்டு, "காலு இவளுக்கு, பசி எனக்கு" என்றாள். நான் குடித்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் கட்டிலில் கிடந்த நோட்டைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக.

"இதுல யார் கேட்டது?"

"நான்."

"யார் ஓகே பண்ணது?"

நான் சூப்பைப் பார்த்தேன்.

"நான் ஒரு பெட்டிய எறக்கிட்டு நானே வாங்கிக்கினேன்னு கையெழுத்துப் போட்டா, அன்னிக்கே கேட்டுக்கு வெளிய தொரத்துவாங்க. உனக்கு மட்டும் இன்னாடீ ஸ்பெஷலு? பேனா குடு."

அன்றிலிருந்து ஒப்புபவர் அவள். கேட்பவள் நான். அவளே சொல்லி நானே எழுதிய விதி. பத்துக்கு நான்கைத் தொட்டால், எங்கே இருந்தாலும், முடிவு அவளுடையது.

இரண்டு மாதம் உட்கார்ந்தேன். பிறகு நடை, பிறகு மஞ்சள் குறிக்கு மஞ்சள் குறி மெதுஓட்டம். அடுத்த வருடம் அதே பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தோம். முப்பத்துமூன்றைத் தாண்டியபோது எஸ்தர் திரும்பி என் காலைப் பார்த்தாள். நான் கட்டைவிரலைக் காட்டினேன். முப்பத்தைந்தில் வலி வந்தது. அதே ஒரு ரூபாய் அகலம்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அரை கிலோமீட்டர் சொல்லாமல்தான் இருந்தேன்.

"எவ்ளோ?" என்று அவளே கேட்டாள்.

"நாலு."

"மூஞ்சப் பாத்தா ஆறு."

"இன்னும் ஏழு கிலோமீட்டர் கூட இல்லடீ. நடந்தாவது போயிடறேன்."

"ஒக்காரு."

"எஸ்தர்."

"மேடம், ஒக்காருங்க."

சாலையில் அவள் என்னை மேடம் என்று அழைத்தது அந்த ஒரு முறைதான். தண்ணீர்ப் பந்தல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. நான் உட்காரும்வரை நின்றாள். உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள், எழுந்துவிடுவேன் என்று சந்தேகம். போன தடவை மாதிரி வேனில் வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. திரும்பி ஓடிப்போய்விட்டாள். பந்தயத்தை முடித்தாள்.

திரும்பும்போது மெடலைப் பைக்குள் அடியில் வைத்திருந்தாள். கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில், எதிரே காய்கறிக் கூடையோடு இருந்தவர் எங்கள் டீ-ஷர்ட்டைப் பார்த்து, "எந்த ஸ்கூல்லம்மா ஸ்போர்ட்ஸ் டே?" என்றார். வேறு நாளாக இருந்தால் படப்பைவரை சிரித்திருப்போம். அன்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மூன்றாம் நாள் ஸ்கேன். எலும்பின் மேல் வீக்கம், விரிசல் இல்லை. டாக்டர் கேட்டார், "எங்க நிறுத்துனீங்க?" சொன்னேன். "நல்ல எடத்துல நிறுத்துனீங்க. முடிச்சிருந்தா இப்ப நாம ஆபரேஷன் தேதி பேசிக்கிட்டு இருப்போம்."

அதை எஸ்தரிடம் அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவள் சரி, நான் தவறு என்றாகிவிடும். பொறியியல் படித்த எனக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாள் கேன்டீனில் வேறு வரிசையில் நின்றேன். பதின்மூன்றாம் நாள் ஸ்கேன் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனேன். அவள் வண்டியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கான்ட்ராக்ட் மாறி, முந்தின சனிக்கிழமையோடு அவர்கள் குழுவைச் செய்யாறுப் பக்கம் ஓர் ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன் செய்தேன். பின்னணியில் ரிவர்ஸ் எடுக்கும் வண்டியின் பீப் சத்தம்.

"இன்னா, காலு கீதா?"

"கீது."

"அப்ப சரி. வண்டில கீறேன், வெச்சிடறேன்."

பிறகு பேசினோம். பொங்கலுக்கு, கிறிஸ்துமஸுக்கு. சேர்ந்து ஓடலாம் என்று இரண்டு பேரும் சொல்வோம். அவளுக்கு அங்கே ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்கு இங்கே ஆடிட் வந்துகொண்டே இருக்கிறது.

இன்று காலை நான் இறங்கத் தவறிய பஸ், பழைய சாலையின் முனை வழியாகத்தான் திரும்பியது. இப்போது அங்கே இரண்டு பக்கமும் ஆலைகள், நடுவில் தடுப்புச் சுவர், ஓரத்தில் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். மேலே புதிய தார் போட்டாகிவிட்டது. மாடுகளைக் காணோம். முப்பிடாதி கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். ஹாஸ்டல் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டு பார்சல் கிடங்கு கட்டுகிறார்கள்.

இப்போதைய நிலை இது. நான் படப்பைப் பக்கம், வீடு வராத மனைப்பிரிவுத் தெருக்களில், வாரம் மூன்று நாள் பத்து கிலோமீட்டர்வரை தனியாக ஓடுகிறேன். இடது கால் நன்றாக இருக்கிறது. முழு மராத்தானை இதுவரை முடித்ததில்லை. எஸ்தரும் நானும் சேர்ந்து ஓடி மூன்று வருடம் ஆகிறது.