நாற்பத்தாறு படங்கள், ஒரே தேதி

ஹைதராபாத் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரச் சோதனை பார்த்தவர் ராஜாராமன். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு போல்ட்கூட வாசலைத் தாண்டாது என்று சொல்வார்கள்; பெரும்பாலும் அதைச் சொன்னவர் அவரேதான். ஓய்வு பெற்றதும் அருகிலேயே வீடு கட்டிக்கொண்டார். 2006 ஜூனில் பக்கத்து மனையில் ஐந்து மாடி எழுப்ப ஒரு பில்டர் ஆழமாகக் குழி தோண்டினார். ஜூலையில் ராஜாராமனின் வடக்குச் சுவரில் விரிசல் கண்டது.

"அது பழைய கிராக் சார்" என்றார் பில்டர்.

ராஜாராமன் சண்டை போடவில்லை. மகள் சுபாஸ்ரீ மாதாபூர் கம்பெனியில் வாங்கிய முதல் போனஸில் தந்த டிஜிட்டல் கேமராவை எடுத்தார். நாலு மாதம், வாரம் தவறாமல், விரிசலோரம் ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்து இரண்டு மூன்று படமெடுத்தார். எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலாகக் கொண்டுவரச் சொன்னார் வக்கீல் முகமது யூசுப். ஆம்பூர்க்காரர், இருபது வருஷமாக ஹைதராபாத். குழி தோண்டிய பிறகுதான் விரிசல் வளர்ந்தது என்று பக்கம் புரட்டினாலே ஜட்ஜுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் வேலைக்குத் தடை கிடைக்கும், வீடு பிழைக்கும்.

கம்ப்யூட்டரில் ஒரு படத்தை நகர்த்தினால் மூன்று பக்கம் தள்ளி வேறொன்று குதித்தது. ஒரு வாரம் போராடி முடித்தார். யூசுப் நாலு பக்கம் புரட்டி நிமிர்ந்தார்.

"சார், எல்லா போட்டோலயும் ஓரத்துல 1-1-2005ன்னு இருக்கே?"

கசிந்துவிடுமே என்று ஒவ்வொரு தடவையும் பாட்டரியைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைப்பவர் ராஜாராமன். பாட்டரி போன கேமரா ஒவ்வொரு தடவையும் அந்தத் தேதியிலிருந்தே புதிதாகப் பிறந்திருக்கிறது. கவனக்குறைவான ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது.

"குழி வெட்டறதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே சுவர் வெடிச்சிருச்சுன்னு நீங்களே அவனுக்கு சர்ட்டிபிகேட் குடுத்திருக்கீங்க. சரி, கேமரா போட்ட ஃபைல் நம்பராவது இருக்கா?"

"மாத்திட்டேன். விரிசலோட இடத்தை வெச்சுக் குறைபாட்டு எண் போட்டிருக்கேன். எங்க ஃபேக்டரியில அப்படித்தான்."

யூசுப் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

வீட்டில் படங்களைத் தரையில் பரப்பி வரிசை தேடினார்கள்.

"ஏன்னா, இதுல கொலுப்படி தெரியறது. நவராத்திரி" என்றாள் மனைவி கல்பகம்.

"எந்த வருஷத்து நவராத்திரின்னு கேப்பான்."

"போன வருஷம் நாம கொலுவே வைக்கலை. உங்க அண்ணா தவறிப்போன வருஷம்."

"அதுக்கு யார் சாட்சி?"

"செத்துப்போனவரை வரச் சொல்லுங்கோ!"

விரிசலின் நீளத்தை வைத்து அடுக்கிப் பார்த்தார். நடுவில் இரண்டு படங்களில் விரிசலின் அகலம் சுருங்கியிருந்தது. மூன்றாம் நாள், பில்டர் சொன்னபடி அது பழையதுதானோ என்று அவருக்கே சந்தேகம் தட்டியது.

யூசுப் போனில் வழி சொன்னார். "ஓரத்தை வெட்டிடுங்க சார். தேதி போயிரும்."

"அது பொய் ரிப்போர்ட்."

"நக்கோ சார், அப்படிப் பேசாதீங்க. ஸ்டூடியோவுல பாஸ்போர்ட் போட்டோன்னு காதைக்கூட வெட்டறான்."

ராஜாராமன் வெட்டவில்லை. முதல் பக்கமாக ஒன்றைச் சேர்த்தார்: 'இதிலுள்ள தேதிகள் அனைத்தும் தவறு. வரிசையும் உறுதியில்லை. தவறு என்னுடையது.' கீழே கையெழுத்து.

"முப்பத்தோரு வருஷம் அடுத்தவா தப்பை எழுதினேள்" என்றாள் கல்பகம். "இதுவாவது சொந்தம்."

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே உரக்கப் படித்தார். ஜட்ஜ் சிரிக்கவில்லை; வாங்கி இரண்டு தடவை படித்தார். தனக்கெதிராக இப்படி எழுதும் ஆளை இதுவரை பார்த்ததில்லை என்றார். ஆனாலும் இந்தப் படங்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நேரில் பார்த்து வரட்டும் என்று ஒரு வக்கீலைக் கோர்ட் கமிஷனராக நியமித்தார்.

கமிஷனர் டிசம்பரில் ஒரு காலை வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். பக்கத்து மனையில் இயந்திரம் உறுமியது. அவர் கைக்கடியிலேயே காரை பெயர்ந்து, சட்டைக் கைக்குள் உதிர்ந்தது. அதை உதறாமலே நோட்டில் எழுதத் தொடங்கினார்.

அடுத்த வாரம் தடை வந்தது. குழிக்குத் தாங்குசுவர் எழும்பியது. பில்டர் செலவில் வடக்குச் சுவரும் பூசப்பட்டது. தெருவில் எல்லோரும் ராஜாராமனின் ஃபைல்தான் ஜெயித்தது என்றார்கள். "இல்லை, கோர்ட்ல அதைத் தள்ளிட்டா" என்று ஒவ்வொருவருக்கும் விளக்குகிறார். யாரும் நம்புவதாக இல்லை.