ஒரு வரி தள்ளி

அக்காவுக்கு நாற்காலி என்றால் முள். பதினெட்டு வருடமாக ஒரே அறையில் வேலை பார்க்கிறோம். சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, குழந்தைக்குத் தேர்வு வைக்கும் நேரம் தவிர. அப்போது மட்டும் அசையமாட்டாள். கையில் ஸ்டாப்வாட்ச், முகத்தில் கூடவும் குறையவும் செய்யாத ஒரு சிரிப்பு. சரியான பதிலுக்கும் தப்பான பதிலுக்கும் அதே சிரிப்புதான் இருக்க வேண்டும், அது தேர்வின் விதி. குழந்தை வெளியே போனதும் எழுந்துவிடுவாள். ஜன்னல், அலமாரி, என் மேசை, திரும்ப ஜன்னல். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குக் கால் வலிக்கும்.

எங்கள் நிலையத்தில் அவளுக்கு 'மறுபடி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. "மறுபடி ஒருதரம் பாத்துடறேன்" என்று சொல்லாமல் ஒரு தாளையும் அவள் கீழே வைத்ததில்லை. பெயர் வைத்தது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இங்கே வருவதற்கு முன்பு அவள் கணக்கு டீச்சர். விடைத்தாளைத் திருத்திக் கொடுத்த பிறகு, கூட்டல் சரியா என்று பார்க்க ஒரு பிள்ளையின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். ஒருதரம் அல்ல, பல தரம். பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். தலைமை ஆசிரியை மிகவும் நாசூக்காக, "உங்க குணத்துக்கு வேற வேலை ஏதாவது பாருங்களேன்" என்றாராம். அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பவும் மூன்று மாடி ஏறுவாள். அதுவும் படியில். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அந்த மனுஷனுக்கு இதில் தீராத மனத்தாங்கல்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். படிப்பில் பின்தங்குகிற குழந்தைகளைப் பள்ளிக்கூடங்கள் எங்களிடம் அனுப்பும். கட்டைகளை அடுக்கச் சொல்வாள் அக்கா, படத்தில் விட்டுப்போனதைக் காட்டச் சொல்வாள், எண்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். கடைசியில் சரியான பதில்களைக் கூட்டுவாள். முப்பத்தொன்று வந்தது என்று வையுங்கள். அது நல்லதா கெட்டதா? ஐந்து வயதுக் குழந்தைக்கு முப்பத்தொன்று அமோகம், பத்து வயதுக்கு அது கவலை. அதனால் தேர்வுப் புத்தகத்தின் பின்பக்கம் அட்டவணைகள் இருக்கும். நான்கு மாத வயதுக்கு ஒரு வரி. குழந்தையின் வயது எந்த வரியில் வருகிறதோ அந்த வரியில் விரலை வைத்து ஓட்டினால், ஒத்த வயதுக்காரர்கள் நடுவில் அந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்று ஓர் எண் கிடைக்கும். சராசரி நூறு. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் எண்பத்தைந்துக்கும் நூற்றுப்பதினைந்துக்கும் நடுவில் இருப்பார்கள். அங்கிருந்து கீழே போகப் போகக் கூட்டம் குறையும். எழுபதில் கல்வி அலுவலகம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அதற்குக் கீழே வந்தால் சிறப்புக் குழந்தைகளுக்கான தனிப் பள்ளி. நிலையத்தை நடத்தும் டாக்டர் கையெழுத்துப் போடுவார், நான் கடிதத்தைத் தட்டச்சு செய்வேன். என் விரலுக்கு அறுபத்தெட்டும் நூற்றெட்டும் ஒன்றுதான்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா பேனாவைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றுவிட்டாள். புத்தகத்தை எடுத்தாள், படித்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

"என்னக்கா?"

"வயசு கணக்குப் போடறப்போ, வருஷம் மாசம் போக மிச்சம் நாள் இருந்தா என்ன செய்வோம்?"

"பதினஞ்சத் தாண்டினா ஒரு மாசமா சேத்துப்போம். எனக்கே தெரியுமே!"

"அது பழைய புஸ்தகத்துல."

பக்கத்தை என் முன்னால் விரித்துக் காட்டினாள். புதிய தேர்வு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதில் தெளிவாகப் போட்டிருந்தது: நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முப்பதாகும்வரை அவை ஒரு மாதம் ஆகாது, அவ்வளவுதான். அக்கா அதைப் படித்திருக்கிறாள், ஓரத்தில் பென்சில் கோடுகூடப் போட்டிருக்கிறாள். ஆனால் பதினான்கு வருடம் பழகிய கை. வயதை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு அட்டவணையில் வரியைத் தேடும்போது கை பழைய விதிப்படியே போயிருக்கிறது. ஒவ்வொரு தாளையும் மூன்று தரம் சரிபார்த்தவள்தான். மூன்று தரமும் அதே தப்பைச் செய்து, மூன்று தரமும் விடை ஒத்துப்போகிறது என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுக் கடிகாரம் இப்படித்தான், ஒருநாள் தவறாமல் பத்து நிமிடம் முந்தி ஓடும். ஒரே மாதிரி ஓடுகிறது என்பதற்காக அதைச் சரியான நேரம் என்று சொல்ல முடியுமா?

அன்றிலிருந்து அக்கா சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. மூன்று வருடக் கோப்புகளையும் அலமாரியிலிருந்து இறக்கினாள். நானூற்றுப் பன்னிரண்டு. மதிய இடைவேளையில் கையில் கோப்புடன் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள், நின்று எதையாவது குறித்துக்கொள்வாள், திரும்ப நடப்பாள். நான்காம் நாள் முடித்தாள். ஐம்பத்துமூன்று குழந்தைகளுக்கு ஒரு வரி தள்ளிப் பார்த்திருக்கிறாள். ஒரு வரி கீழே போனால், அதே விடைகளுக்கு எண் இரண்டு மூன்று குறையும். ஐம்பத்திரண்டு பேருக்கு அதனால் முடிவு எதுவும் மாறவில்லை.

மிச்சம் ஒரு பெண் குழந்தை. தேர்வு நாளில் அவளுக்கு ஏழு வருடம், பதினோரு மாதம், இருபத்தேழு நாள். அக்கா எட்டு வயது வரியில் பார்த்து அறுபத்தெட்டு போட்டிருக்கிறாள். ஏழு வயதின் கடைசி வரியில் பார்த்திருந்தால் எழுபத்தொன்று. மூன்று நாள் கழித்துப் பிறந்தநாள். அதற்குள் தனிப் பள்ளிக்குப் போகச் சொல்லிக் கடிதம் போய்விட்டது. கடிதத்தின் மூலையில், தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில் என் முதலெழுத்து.

எனக்கு வந்தது கோபம்தான், பொய் சொல்ல விரும்பவில்லை.

"விடுங்கக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. யாரும் கேக்கல. நீங்களா போய் ஏன் தலையக் கொடுக்கறீங்க? ஒண்ணைத் தொறந்தா அம்பத்துமூணும் தொறக்கும். வேலை போயிடும், தெரியுமா?"

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் கண்கள் சிவக்க வந்தாள். புருஷனிடம் சொன்னாளாம். அவர், "என் வேலைல தப்பு நடந்தா லிஃப்ட் நின்னுடும், உடனே தெரிஞ்சுடும். உன் வேலைல தப்பு நடந்தாலும் ஓடிட்டே இருக்கு பாரு" என்றாராம். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன். ஆனால் அதற்கப்புறம் அவளை நிறுத்த யாராலும் முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நேரே டாக்டர் அறைக்குப் போனாள். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் போனேன். உண்மையில் என் பெயரைச் சொல்கிறாளா என்று பார்க்கத்தான் போனேன்.

டாக்டர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். தாளை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு பதட்டம்? அறுபத்தெட்டும் எழுபத்தொண்ணும் ஒண்ணுதாம்மா. எந்தத் தேர்விலயும் அஞ்சு இப்படி அஞ்சு அப்படி ஆடும். இன்னிக்கு வெச்சா ஒண்ணு வரும், அடுத்த வாரம் வெச்சா ஒண்ணு வரும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"ரெண்டும் ஒண்ணுன்னா, ஒண்ணை வெச்சு அந்தப் பொண்ண ஏன் சார் வெளிய அனுப்பினோம்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை. "சரி, கூப்பிட்டு மறுபடி வெச்சுப் பாருங்க" என்றார். அந்த வார்த்தைக்கு வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அந்தப் பெண்ணின் அம்மா ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். அரை நாள் விடுப்புக் கேட்டு வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் அக்கா இருந்த இருப்பை நான் என்ன சொல்ல? அலமாரியைத் திறப்பாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவாள். எழுபத்தைந்தோ எண்பதோ வந்துவிட வேண்டும், வந்தால் பொதுப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். நானும்தான். எனக்கு அது வந்துவிட்டால் விஷயம் சத்தமில்லாமல் முடியும் என்ற ஆசை.

குழந்தைக்கு இப்போது பத்து வயது, இரண்டு மாதம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, புத்தகப் பை இல்லை. அக்கா கட்டைகளை எடுத்து வைத்தாள். நடுவில் கணக்குக் கேள்வி வந்ததும் குழந்தை கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு அது கிடையாது மிஸ். நாங்க மணி கோப்போம், கலர் அடிப்போம்."

அந்தப் பள்ளியை நான் குறை சொல்லமாட்டேன். நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கு ஏற்றபடி அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அக்காவின் சிரிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விதி அப்படி.

கூட்டிப் பார்த்தாள். வயதை நாள் சேர்க்காமல் போட்டாள், வரியில் விரலை வைத்தாள், மூன்று தரம் பார்த்தாள், பிறகு புத்தகத்தை என்னிடம் தள்ளி, "நீ பாரு" என்றாள். நானும் பார்த்தேன். அறுபத்தாறு.

குழந்தை ஒன்றும் கற்காமல் இல்லை. அன்று முப்பத்தொன்று சரி, இன்று முப்பத்தெட்டு சரி. ஏழு கூடியிருக்கிறது. அதற்குள் அவள் வயதுக் குழந்தைகளுக்குப் பதினைந்துக்கு மேல் கூடிவிட்டது. அட்டவணை அவர்களோடு நிறுத்தித்தானே அளக்கும்?

டாக்டர் எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா? நம்ம முடிவு சரிதான்னு ஆயிடுச்சு. நீங்கதான் வீணா..."

"நம்ம முடிவுதான் சார் இதை இப்படி ஆக்கிச்சு!"

பதினெட்டு வருடத்தில் அவள் குரல் உயர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கணக்கே சொல்லித் தராத எடத்துக்கு அனுப்பிட்டு, கணக்கு வரலேன்னு எழுதறதா? ஒரு செடிய எடுத்து இருட்டு ரூம்ல வெச்சது நான். இப்ப வளரலேன்னு நானே அளந்து சொல்றேன்!"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை நினைத்து அல்ல. இரண்டு வாரமாக நான் வேண்டிக்கொண்டது எனக்காக என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

டாக்டர் மேசையில் இருந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "என்ன எழுதணும், சொல்லுங்க" என்றார்.

அக்கா நடந்துகொண்டே சொன்னாள், நான் தட்டச்சு செய்தேன். முதல் தேர்வின் எண் தவறு, தவறு தேர்வாளருடையது. இப்போதைய எண் ஒற்றை எண் அல்ல, அறுபத்தொன்றிலிருந்து எழுபத்தொன்றுக்குள் எங்கோ இருக்கிறது. எழுபது என்ற கோடும் அதற்குள்ளேயே வருவதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. குழந்தையைப் பொதுப் பள்ளியில் சேர்த்து, ஒரு வருடம் தனியாக உதவி கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எண் எழுதும் கட்டத்தில் இத்தனையும் கொள்ளவில்லை. கட்டத்துக்கு வெளியேயே அடித்தேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளுமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

வெளியே பெஞ்சில் அம்மா காத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். அக்கா அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நாள் கணக்கு, வரி தள்ளியது, எழுபத்தொன்று, இன்றைக்கு வந்த எண், எல்லாம். திட்டுவாள், கத்துவாள், வழக்குப் போடுவேன் என்பாள் என்று நான் கதவருகே தயாராக நின்றேன்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். இஸ்திரி சுட்ட பழைய தழும்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த லெட்டர் வந்தப்பறமும் கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுப் பொண்ணோட நோட்ட வாங்கிட்டு வருவா, மேடம். அதைப் பாத்துக் கணக்குப் போடறேன்னு உக்காருவா. வரலேன்னா அழுவா. எனக்குப் பாக்கவே மனசு கேக்காது. நோட்ட வாங்கி மூடி வெச்சுட்டு, 'உனக்கு இது வராதுடி கண்ணு, விட்டுடு'ன்னு சொல்லுவேன். அன்பாத்தான் சொன்னேன். தெனமும் சொன்னேன். இப்பல்லாம் அவ நோட்டே கேக்கறதில்ல."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இனிமே நான் என்ன சொல்லணும் அவகிட்ட?" என்று கேட்டாள்.

அக்கா எழுந்திருக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா. அழுதா அழட்டும். நோட்ட மட்டும் மூடாதீங்க."